வான்காரன் ஞானேஸ்வரனின் நினைவு மலர்

செத்தவர்களில் கெட்டவர் ஒருவரைக்கூட நான் இதுவரை அச்சடித்ததில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருபத்தாறு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்ட், பிறந்தநாள் பனர், காலண்டர் எல்லாம் அடிப்பேன். ஆனால் கடையை நிமிர்த்தி வைத்திருப்பது ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளில் சனங்களுக்குக் கொடுக்கிற நினைவு மலர்தான். என் கணினியில் கத்தோலிக்கருக்கு ஒன்று, சைவர்களுக்கு ஒன்று என்று இரண்டு மாதிரிகள் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் அரை மணித்தியாலத்தில் ஓர் உத்தமர் வெளியே வருவார். மனைவியை அடித்தவன் பாசத்தின் சிகரமாகிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறில் முப்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவன் ஊருக்கு உபகாரியாகிவிடுவான். நான் பஸ்தியாம்பிள்ளை. பாஷையூர் ஆள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வெறும் பிறெஸ் அங்கிள்.

போன மாதம் கிங்ஸ்பரியில் ஞானேஸ்வரன் செத்துப்போனான். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மாரடைப்பு. முப்பது வருடம் தபால் கந்தோர் கவுண்டரில் முத்திரை குத்தினவன், கோயில் அன்னதான சபைச் செயலாளர், மனைவி ஜெகதீஸ்வரிக்கு எதிர்த்துப் பேசாத கணவன். மாதிரிக்கு அளவெடுத்துச் செய்த ஆள். அரை மணித்தியாலம்கூடத் தேவைப்பட்டிராது. சிண்டர் ஹவுண்ட்ஸ் வந்து குழப்பியது.

சிண்டர் ஹவுண்ட்ஸ் என்பது நாலு வெள்ளைக்காரப் பொடியள் சேர்ந்து நடத்திய ஹார்ட் ரொக் இசைக்குழு. ஓர் இரும்புக்கடையை மாடிப்படியால் உருட்டிவிட்டால் வருகிற சத்தம்தான் அவர்களின் சங்கீதம். இன்றைக்கு உலகம் அவர்களைச் சகாப்தம் என்கிறது. பாடகனின் கிழிந்த சப்பாத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவர்களைத் திரும்பிப் பார்க்க நாய்கூட இல்லை. ஞானேஸ்வரன் அப்போது பொலிரெக்னிக்கில் படித்துக்கொண்டு, ஒரு சலவைக்கடைக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தான். கிற்றார்காரன் அவனுடைய வகுப்பு. இரண்டு வருடம், இந்த நாட்டின் ஒவ்வொரு மூத்திர மணமடிக்கிற மண்டபத்துக்கும் அந்தச் சலவைக்கடை வானில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான்.

செத்தவீடு முடிந்து நாலாம் நாள் அந்தக் குழுவின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. எங்கள் முதல் சாரதி நேஷ் மறைந்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். ஞானேஸ்வரன் அவர்கள் வாயில் நேஷ். வானுக்கு முன்னால் நாலு பரட்டைத் தலைகள். நடுவில் தோள்வரை மயிரும் லெதர் ஜக்கெற்றுமாக ஞானேஸ்வரன், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு. வலப்பக்க ஓரத்தில் அரை முகம் வெட்டுப்பட்டு இன்னொரு தமிழன். கீழே பாடகன் எழுதியிருந்தான், அமெரிக்கப் பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது நேஷ் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டான், ஏன் என்று நாற்பத்திச்சொச்சம் வருடமாக எங்களுக்குத் தெரியாது என்று.

அதற்குக் கீழே ரசிகர்கள் அழுது கொட்டியிருந்தார்கள். தோர்ண்டன் ஹீத் பப்பில் நேஷ் என் தோளில் தட்டினார் என்கிறான் ஒரு நரைக் குடுமிக்காரன். அந்தப் பின்னறையில் நான் நெஞ்சடைக்க நின்றேன் என்கிறாள் ஒருத்தி. அந்த அறையில் அன்றைக்கு இருந்தது பதினொரு பேர். அதில் இரண்டு பேர் டார்ட்ஸ் பலகை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் நான் எண்ணினேன். இப்போது நானூறு பேருக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் இப்படியென்றால் நம்முடைய ஆட்கள் விடுவார்களா? ஞானேஸ்வரனின் மயிரைக் கண்டு காவாலி என்று சொல்லி, அவன் வந்தால் கதவைத் திறக்காத அதே சொந்தங்கள் மலருக்குக் கட்டுரை அனுப்பத் தொடங்கின. பாடகனின் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக் கொடுத்ததாகச் சிவமலர் எழுதினா. எண்பதாம் ஆண்டு அவ வட்டுக்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு. மேளக்காரனுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்று சுவிஸிலிருந்து ஒரு மிருதங்க வித்துவான். எல்லாவற்றுக்கும் மேலே ஜெகதீஸ்வரியின் தம்பி தர்மகுலசிங்கம். ஜேர்மனியில் பதினைந்து வருடம் பீற்சா சுட்டுவிட்டுத் தொண்ணூற்றொன்பதில்தான் லண்டனில் காலை வைத்தவர். அவர் ஆறு பக்கம் எழுதி, படத்தில் இருக்கிற அரை முகம் தன்னுடையதே என்று முடித்திருந்தார். வெட்கம் கெட்ட மனிதன். நான் அதை எழுத்துப்பிழை திருத்தி, படத்துக்குக் கீழே அவர் பெயரையும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அரை முகம் என்னுடையது.

எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் பிடித்ததில்லை. நான் வாடகைக்கு இருந்த அறையில் ஹீற்றர் இல்லை, ஞானேஸ்வரனைத் தவிரக் கதைக்க ஆளில்லை, அதனால் வானில் ஏறினேன். பெட்டி தூக்கினேன். அவன் தேத்தண்ணியைத் தவிர வேறு எதையும் குடிக்கமாட்டான். வான் ஓட்டுறவன் குடிக்கக்கூடாது என்பான். கிற்றார்காரனுக்குக் காய்ச்சல் வந்த நாள் தன் ஜக்கெற்றைக் கழற்றிப் போர்த்துவிட்டு, மெல்லிய சட்டையோடு லீட்ஸிலிருந்து ஓட்டிவந்தான். அந்தக் குழுவுக்கு அமெரிக்கா கிடைத்தபோது, நேஷ் வராவிட்டால் நாங்களும் போகமாட்டோம் என்று நாலு பேரும் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் பஸ்தி என்று கூப்பிட்ட என்னைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு எரிச்சல். வேறு பெயர் வைத்து மறைக்க இப்போது வயதில்லை. அந்தக் கிழமையே அளவெட்டியில் தலைமையாசிரியராக இருந்த அவனுடைய தகப்பனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். மகன் படிப்பைவிட்டுக் கஞ்சாக்காரர்களோடு திரிகிறான், வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், இனி அமெரிக்காவுக்குப் போனால் உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று. தலைமையாசிரியர் தந்தி அடித்தார். தாய் சாப்பாடு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டா. ஞானேஸ்வரன் மயிரை வெட்டினான், வானின் திறப்புக்கொத்தைச் சலவைக்கடையில் திருப்பிக் கொடுத்தான், தபால் கந்தோரில் சேர்ந்தான். அடுத்த வருடம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஒரு கடிதம் எழுதினேன் சாமி என்று ஐரிஷ் பாதிரியாரிடம் சொன்னேன். கடிதம் எழுதுவது பாவமில்லை என்று சொல்லி, மூன்று தரம் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச்சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஞானேஸ்வரன் ஒவ்வொரு மார்கழியும் கடைக்கு வருவான். காலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு குளிரைப் பற்றிக் கதைப்பான், என் முழங்கால் நோவைக் கேட்பான், போய்விடுவான். வானைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவனுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நித்திரை கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுடைய மகள் தாரகா மலரின் புறூவை, அச்சுக்கு முந்தின மாதிரிப் பிரதியை, பார்க்க வந்தாள். முப்பத்து நாலு வயது, ஹரோவில் பல் வைத்தியர். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, வீட்டில் அப்பா ஒருநாளும் ரேடியோவைக்கூடச் சத்தமாகப் போட்டதில்லை என்றாள். படத்தில் சிரிக்கிற அந்த மனிதனைத் தான் சந்தித்ததே இல்லை என்றும், அவர் ஏன் வானைவிட்டு இறங்கினார் என்பதைக் கண்டுபிடிக்காமல் இந்த மலரை அடிக்க மனமில்லை என்றும் சொன்னாள். மாமா தர்மகுலசிங்கத்திடம் கேட்டாளாம். அவர் அது பெரிய கதை என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் தேத்தண்ணி கேட்டாராம்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அலுமாரிக்குள்ள அப்பாவின்ர லெதர் ஜக்கெற் இருந்தது. உள்பொக்கெற்றுக்குள்ள இது. தாத்தா எழுதின கடிதமாத்தான் இருக்கும். எனக்கு அச்சு எழுத்தெண்டா வாசிக்க ஏலும், கையெழுத்து விளங்காது அங்கிள். வாசிச்சுச் சொல்லுங்கோ. நல்லாயிருந்தா மலரில முதல் பக்கமாப் போடுவம்."

நீல நிற விமானத் தபால் தாள். மடிப்புகள் கிழிந்து, செலோரேப்பால் ஒட்டியிருந்தது. விரித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, என்னுடைய மொட்டைக் கடிதம். தலைமையாசிரியர் அதை அப்படியே மகனுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் வாசிக்கத் தொடங்கினேன். அன்பு மகனுக்கு, நலம், நலமறிய ஆவல். நீ ஓட்டுகிற வானில் ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாகத் தங்கள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று அம்மா நாள்தோறும் விளக்கு வைக்கிறா. தூரம் போனாலும் நீ எங்கள் பிள்ளை. இருபத்தாறு வருடம் செத்தவர்களுக்காகப் பொய் எழுதிப் பழகினவன் நான். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. தர்மகுலசிங்கம் ஆறு பக்கத்தில் செய்ததை நான் ஆறு வரியில் செய்தேன், அவரைவிட நன்றாக. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுதபோது எனக்கு என்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

"பின்பக்கத்தில பென்சிலால ஏதோ கிடக்குது. அதுவும் தாத்தாவோ?"

திருப்பினேன். பிறகு கவுண்டரில் முப்பது வருடம் படிவம் நிரப்பிய ஞானேஸ்வரனின் உருண்டை எழுத்து. ஒரே வரி. கீழே எண்பத்தோராம் ஆண்டு, ஆவணி மாதம் என்று போட்டிருந்தான். அதை நான் மனதுக்குள் மூன்று தரம் வாசித்தேன். அப்படியென்றால் மார்கழிக்கு மார்கழி என் முழங்காலைக் கேட்டது தெரிந்துகொண்டுதான். இதற்கும் ஒரு பொய் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். வரவில்லை.

"இது பஸ்தியின் கையெழுத்து. அவனிடம் கேட்பதில்லை." உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

"ஆர் அங்கிள் பஸ்தி?"

"நான்தான் பிள்ளை. இந்தக் கடிதம் தாத்தா எழுதினதில்லை. நான் எழுதினது. இவ்வளவு நேரமும் வாசிச்சது இதில இல்லை."

பிறகு இருந்ததை வாசித்தேன். கஞ்சா, வெள்ளைக்காரி, இனி உங்களுக்குப் பிள்ளை இல்லை, இப்படிக்கு ஒரு நலன்விரும்பி. படத்தில் இருக்கிற அரை முகம் என்னுடையது என்றும், அமெரிக்காவுக்கு அந்தக் குழு என்னைக் கூப்பிடாத எரிச்சலில் எழுதினேன் என்றும், அவளுடைய அப்பா தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் குடித்ததில்லை என்றும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தபோது அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

கண்ணைத் துடைத்துவிட்டு, புறூவைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். நோயாளிக்குப் பல்லைப் பிடுங்கவேண்டும் என்று சொல்லும்போதும் இந்தக் குரலில்தான் பேசுவாள் போலும்.

"இதை அப்பிடியே ரைப் பண்ணுங்கோ. ஒரு சொல்லும் திருத்தக்கூடாது. நலன்விரும்பி எண்டதுக்குக் கீழ உங்கட முழுப் பேரையும் போடுங்கோ. அடுத்த பக்கத்தில அப்பா எழுதின வரி."

தர்மகுலசிங்கத்தின் கட்டுரையை அப்போது எடுத்துவிடலாமா என்று கேட்டேன். படத்துக்குக் கீழே அவர் பெயர் பொய் என்பது இப்போது தெரிந்துவிட்டதே என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்த மனிதனை மட்டம்தட்டவேண்டியிருந்தது.

தாரகா ஜக்கெற் கடிதத்தை உறைக்குள் போட்டுக் கைப்பையை மூடினாள்.

"வேண்டாம், இருக்கட்டும். மாமா பொய் மட்டும்தானே சொன்னவர்."

அவள் போனபிறகு கடைக் கதவைப் பூட்டிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடிதத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, எல்லாம் பாடமாகவே இருந்தது. முந்நூறு பிரதி. ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரி மண்டபத்தில், வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுக்கவேண்டும் என்று அவள் போகும்போது சொல்லியிருந்தாள்.