பதினேழாம் எண் ரைஃபிள்

வெர்னா கொலாரை எங்கள் சுடுதளத்தில் எல்லோருக்கும் தெரியும். தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொலைநோக்கி வழியாக இலக்கைப் பார்த்து மதிப்பெண் எழுதுவாள். ஒன்பது வருஷமாக ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில், ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி இதைப் புதிதாக ஆரம்பிப்பாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடைக்குள் வந்தாள்.

"லைல், எனக்கு ஒரு ரைஃபிள் வேணும். ராணுவ மாடல்ல, ஒவ்வொரு தடவையும் விசையை அமுக்கினா தானா அடுத்த தோட்டா ஏறிக்கிற மாதிரி. எண்ணூறு டாலர்தான் இருக்கு. தோட்டாவும் அதுக்குள்ளதான்."

"யாருக்குப் பரிசு?"

"எனக்குத்தான். ஏன், நான் சுடக் கூடாதா?"

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே, சுவரில் இருந்ததிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விளக்கு, முன்கைப்பிடி, சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி எல்லாம் பொருத்தியது. எழுநூற்று ஐம்பது.

அவள் தரையைப் பார்த்துக் குழலைச் சாய்த்து, காலியா என்று சோதித்துவிட்டு, இடது தோளில் வைத்துப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாட்டியிருக்கிறத எல்லாம் கழட்டிட்டா இதுல என்ன மிச்சம் இருக்கும்?"

"அது வந்து..."

"அதுக்குத்தான் காசு கேக்கிற. பின்னாடி போலீஸ்காரங்க திருப்பிக் கொடுத்தது மூணு கெடக்குன்னு சொன்னியே, அத எடு."

கொண்டு வந்து வைத்தேன். ரோந்துக் கார்களில் வருஷக்கணக்கில் கிடந்து தேய்ந்தவை. கறுப்புப் பூச்சு உரிந்து, பக்கவாட்டில் எண் பொறித்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தோட்டாவைத் தள்ளும் போல்ட்டை உருவிவிட்டுக் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முதலாவதின் வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு சிராய்ப்பு. குண்டு வெளியேறும் விளிம்பு அது. தள்ளி வைத்தாள். இரண்டாவதின் குழலுக்குள் துருப் புள்ளிகள். அதையும் தள்ளினாள். மூன்றாவதில் பதினேழு என்று பொறித்திருந்தது. மூன்றிலும் அதுதான் அசிங்கம். அதன் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடம் லேசாக ஆடியது.

"ஆடுது பாரு," என்றேன்.

"ஆடட்டும். குண்டு அந்த வழியா போகல. உள்ள பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. கார்ல சுத்தியிருக்கே தவிர, அதிகம் சுட்டதில்ல." வெற்றுத் தோட்டாக்கூடு தெறிக்கும் துளைக்குப் பின்னால் இருந்த சின்னத் திமிலை விரலால் தடவினாள். "இது இருந்தா சூடான கூடு என் மூஞ்சில அடிக்காது. நம்ம சாம்பியன் ரோஜர் பழைய மாடல் ஒண்ணு வச்சிருந்தான்ல, அதுல இது கெடையாது. அவன் இடக்கைல சுட்டுக் காமிக்கிறேன்னு கன்னத்தப் பொசுக்கிக்கிட்டது ஞாபகம் இல்லியா உனக்கு?"

எனக்கு ஞாபகம் இல்லை. யார் துப்பாக்கி எந்தக் குளிரில் சிக்கியது, யார் எந்தத் தோட்டாவால் கெட்டான் என்று ஒன்பது வருஷக் கதையையும் அவள் சொன்னாள். நாங்கள் இலக்கை மட்டும் பார்த்திருந்தோம். அவள் எங்களைப் பார்த்திருந்தாள்.

படிவம் நிரப்பினாள்; பின்னணிச் சோதனை முடிந்து தொலைபேசியில் அனுமதியும் வந்தது. துப்பாக்கி நானூற்று எண்பது. மீதிக்கு ஒரு தோள்வாரும், ஒரே வகைத் தோட்டாவாகப் பெட்டி பெட்டியாகவும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் மாத முதல் போட்டியில் அவள் படுமோசமாகச் சுட்டாள். நின்று சுடும் சுற்றில் இரண்டு குண்டு இலக்கையே தொடாமல் பின்னால் இருந்த பீட்ரூட் வயலுக்குப் போய்விட்டன. எங்கள் சாம்பியன் ரோஜர் ஸ்டூர் சும்மா இருப்பானா?

"வெர்னா, பீட்ரூட் வயல்ல ரெண்டு செத்துக் கெடக்கு, எடுத்துட்டுப் போ."

"சூப்புக்கு ஆகும். ரெண்டுதானே, மிச்சத்த நீ போன வருஷமே சுட்டுட்ட," என்றாள் அவள். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. ஆனால் தவறிய அந்த இரண்டு குண்டையும் அவள் தன் மதிப்பெண் தாளில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு அவள் தினமும் வேலை முடிந்து வந்து, வீட்டுச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியை நோக்கி, தோட்டா இல்லாமலே அரைமணி நேரம் விசை இழுத்துப் பழகினாளாம். தோள்வாரை மூன்று தடவை மாற்றிக் கட்டினாள். ஆகஸ்டில் அவளுடைய மதிப்பெண் என்னுடையதைத் தாண்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து நடத்தும் போட்டி. இருநூறு கஜம், கண்ணாடி இல்லாத வெறும் இரும்புக் குறி, ஐம்பது குண்டு, ஐந்நூறு மதிப்பெண். முதல் தொகுதியில் சுட்ட ரோஜர் நானூற்று எழுபத்து நான்கு எடுத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தொகுதியில் வெர்னா. நாற்பது குண்டு முடிந்தபோது அவளுக்கு முன்னூற்று எண்பத்தொன்று. மதிப்பெண் எழுதியவன் நான். கடைசிப் பத்தில் தொண்ணூற்று நான்கு எடுத்தால் ரோஜரைத் தாண்டலாம்.

படுத்துச் சுடும் சுற்று, பத்து நிமிஷம். உத்தரவு வந்ததும் எல்லோரும் சுட ஆரம்பித்தார்கள். இலக்குப் பக்கம் காற்று குறுக்கே வீசியது. வெர்னா சுடவில்லை. ஒரு நிமிஷம் போனது. இரண்டு, மூன்று.

"என்னாச்சு, சிக்கிக்கிச்சா?" என்று ரோஜர் என் காதில் கேட்டான்.

கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தபடியே அவள் கிடந்தாள். பக்கத்தில் சுட்டவர்களின் குண்டுகள் வலது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்துக் கொடி அசையவில்லை, ஆனால் இலக்குக்குப் போகும் வழியில் வாய்க்கால் ஓரத்துப் புல் காற்றில் படுத்திருந்தது. நாலாவது நிமிஷம் காற்று நின்று புல் எழுந்தது. வெர்னா சுட்டாள்.

பத்து. மறுபடி பத்து. ஒன்பது. பத்து. நான் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழாவது குண்டுக்குப் பிறகு புல் மறுபடி சாய்ந்தது. அவள் நிறுத்தினாள். மூச்சு விட்டாள். காத்திருந்தாள். புல் நிமிர்ந்ததும், அரை நிமிஷம் மிச்சமிருக்கும்போது, மீதி மூன்று குண்டையும் சுட்டு முடித்து, போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

தொண்ணூற்று ஆறு. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நானூற்று எழுபத்தேழு.

ரோஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் நடந்தான். "கொடியத்தான் நான் பாத்தேன், வெர்னா."

"தெரியும். எப்பவும் நீ கொடியத்தான் பாப்ப." முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவள் சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

முதல் பரிசு எட்டுக் கிலோ புகையூட்டிய பன்றித்தொடை. குழந்தையைப் போல அதை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் காட்டிவிட்டுத்தான் அவள் வண்டிக்குப் போனாள்.

"நாளைக்கு மத்தியானம் எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க," என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள். "ரோஜர், நீ கடுகுச் சாஸ் கொண்டு வா. லைல், நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம், சீக்கிரம் வந்து அறுத்துக் கொடு."

ஹாரனை அழுத்தியபடியே ஊர்ப்பக்கம் போனாள். பீட்ரூட் வயல் முடியும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.