இருபத்தொரு நாள் சாவி

தொழிலில் என்னை எல்லோரும் 'எழுபது' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அவ்வளவு ஆகவில்லை, அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. சுருட்டு அலமாரிக்குள் ஈரப்பதம் எழுபது சதவீதம் நிற்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடிப் பாடி வாங்கிய பட்டம் அது. ஹோட்டலோ வீடோ, யார் சுருட்டு அலமாரி வாங்கினாலும் உள்ளே ஈரமூட்டும் மெஷினைப் பொருத்தித் தருவது என் வேலை. வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. என் வாயைப் பற்றிக் கேட்டால் என் மனைவி அரை நாள் பேசுவாள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினை ஓடவிட்டு, அலமாரியைப் பூட்டி, சாவியை நானே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் கதவைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். ஒரு தடவை திறந்தால் இரண்டு நாள் உழைப்பு காற்றோடு போகும். பிறகு சுருட்டு வெடித்துவிட்டது, மெஷின் சரியில்லை என்று என் தலையில் கட்டுவார்கள். சாவி என் பையில் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. இருபது வருடமாக அப்படித்தான். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

அலமாரி வாங்கி என்னைக் கூப்பிட்ட ஒரு பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுத் தனியாக இருந்தார். நோயாளிகள் உட்காரும் நாற்காலியை மட்டும் விட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருந்தார். அதில் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். "அறுபத்தேழு வயசுலதான் தெரியுது, இதுல படுத்தா எவ்வளவு பயமா இருக்கும்னு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

எதிர்ச் சுவரில் புது அலமாரி நின்றது. என் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே முழுக்க தேவதாரு மரம். அவ்வளவு பெரிய அலமாரிக்குள் வைக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு சுருட்டுப் பெட்டி. சீல்கூடப் பிரிக்கவில்லை. மூடியின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'அண்ணா, நான் வரும்போது சேர்ந்து திறக்கலாம்.'

"தம்பி அனுப்பினது. வேலைக்குப் போன ஊர்லேர்ந்து. பத்து வருஷமா துணி அலமாரியில கிடந்துச்சு."

பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே சருகு உரசுகிற சத்தம் கேட்டது.

"வத்தல் போட்டுட்டீங்களே டாக்டர்!"

அவர் சிரிக்கவில்லை. "சரியாயிடுமா?" என்று, பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கிற நோயாளி மாதிரி கேட்டார்.

நான் வேலையைத் தொடங்கினேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது, அங்கே ரப்பர் பட்டை ஒட்டினேன். முதுகுப் பலகையில் துளை போட்டு வயரை வெளியே எடுத்து, துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்தேன். ஈரமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க, அதை நனைந்த உப்போடு ஒரு டப்பாவில் போட்டு ஒரு நாள் மூடி வைத்தேன். எழுபத்தைந்து காட்ட வேண்டும், எழுபத்திரண்டு காட்டியது. மூன்று குறைவு என்று அதன் முதுகில் எழுதி ஒட்டினேன். மெஷினை அடித்தட்டில் வைத்து, விசிறிக் காற்று நேராகப் படாதபடி சென்சாரை மேல் தட்டில் பொருத்தினேன். தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து மெஷின் ஆறு மாதத்தில் போய்விடும்.

நான் வேலை செய்யச் செய்ய அவர் பேசிக்கொண்டிருந்தார். தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. தம்பியின் கல்யாணத்தன்று இவர் ஏற வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது. தம்பி அதை நம்பவில்லை. பெண்ணைப் பிடிக்காமல் அண்ணன் வேண்டுமென்றே வரவில்லை, சாக்கு சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

"இப்ப அவனாவே போன் பண்ணினான். வரேன்னு சொன்னான். அந்தப் பெட்டி இருக்கான்னு கேட்டான். இருக்குடான்னேன்."

வெறும் அலமாரியின் மரம் ஈரம் குடிக்கப் பத்து நாள் விட்டேன். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பெட்டியை உள்ளே வைத்தேன், எழுத்து கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி. காய்ந்த சுருட்டுக்கு ஒரேயடியாக ஈரம் கொடுத்தால் மேலிலை வெடித்துவிடும். அறுபதில் தொடங்கி வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இருபத்தொரு நாள் என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரான். ஒரு நாள்தான் இருப்பான். நல்லா இல்லாட்டியும் பரவாயில்லைங்க. சும்மா சேர்ந்து திறக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா திறக்கறதுக்கு நான் எதுக்கு டாக்டர்? பாதி ஈரத்துல எடுத்தா பத்த வச்சதும் பிரிஞ்சு வாயெல்லாம் தூள். உங்க தம்பி எங்கேயும் ஓடிட மாட்டார். அடுத்த மாசம் வரச் சொல்லுங்க."

"சாவியையாவது வச்சுட்டுப் போங்களேன்."

"வச்சா திறப்பீங்க."

"திறப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டார். பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். வாழ்நாளெல்லாம் நோயாளிகளிடம், ஒரு வாரம் கழித்து வாருங்கள், கடினமாக எதையும் கடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சொல்பேச்சுக் கேட்பது அவருக்கு ஒரு மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். நான் அதை என் மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு சோபாவில் படுத்திருந்தேன். போன் அடித்தது. டாக்டர்.

"கெஞ்ச ஆரம்பிச்சாச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுத்து என்னன்னுதான் கேளுங்களேன்."

"கேட்டா மனசு இளகிடும்."

மறுபடி அடித்தது. சிறிது நேரம் கழித்து மூன்றாவது தடவை, தெரியாத நம்பர். எடுக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை மெஷினில் ஈரத்தின் அளவை ஏற்றப் போனேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், பேப்பர் மடித்தபடியே மடியில் கிடந்தது. நான் உற்சாகமாக, "என்ன டாக்டர், தம்பி வந்தாரா?" என்றேன்.

"வந்தான். போயிட்டான்."

கேட்கக் கேட்க, துண்டு துண்டாகச் சொன்னார். தம்பி உள்ளே வந்ததும் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். தன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும், "திறக்கலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். சாவி தன்னிடம் இல்லை, மெக்கானிக்கிடம் இருக்கிறது என்றிருக்கிறார் இவர்.

"சிரிச்சான். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டான். மறுபடியும் சொன்னேன். 'உன் வீட்டு அலமாரி சாவி மெக்கானிக்கிட்டயா?'ன்னான். உங்களுக்குப் போன் போட்டேன். பல்லைக் குடையற கம்பியை எடுத்துட்டு வந்து பூட்டைக் குடைஞ்சு பாத்தேன். பல்லாயிருந்தா திறந்திருப்பேன். அப்புறம், 'நம்பரைக் குடு, நானே கேக்கறேன்'னு அவன் போன்லேர்ந்து அடிச்சான்."

தெரியாத நம்பர் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

"போனைக் கீழே வச்சுட்டு, 'அன்னைக்கு ஃபிளைட் கேன்சல், இன்னைக்கு சாவி மெக்கானிக்கிட்ட. திறக்க இஷ்டமில்லைன்னு சொல்லிட்டுப் போயேன் அண்ணா'ன்னான். சாயங்காலம்வரைக்கும்கூட இருக்கலை."

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, எதற்கு எடுத்தேன் என்று மறந்துவிட்டது.

"மன்னிச்சுடுங்க டாக்டர். போன் அடிச்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கலை. இந்தாங்க, சாவி."

"இப்ப எதுக்கு? இருபத்தொரு நாள்னு சொன்னீங்க, இருக்கட்டும்" என்றார். குத்தலே இல்லாமல் சொன்னார். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "அந்த நம்பர் உங்க போன்ல இருக்குல்ல? பேசுங்க" என்றாள் மனைவி. இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொல்லி, சாவி என்னிடம்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது, உங்கள் அண்ணன் கெஞ்சியும் நான்தான் கொடுக்கவில்லை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

தம்பி என்னை நிறுத்தினார்.

"சாவி நிஜமாவே உங்ககிட்டதான் இருந்துச்சா?"

"சத்தியமா சார். என் தலைக்கனம். உங்க அண்ணன் ஒரு வார்த்தை பொய் சொல்லலை."

"ஐயோ" என்றார். "நான் கண்டபடி பேசிட்டு வந்துட்டேனே. பதினெட்டாம் தேதி லீவு போட்டுட்டு வரேன். எந்த முகத்தோட அண்ணாகிட்ட பேசறதுன்னு தெரியலை, நீங்களே சொல்லிடுங்க சார்."

போனை வைத்தபோது பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கெடுத்தவனே சரிசெய்தும்விட்டேன் என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் நாள் சாவியோடு போனேன். ஈரமானி அறுபத்தேழு, திருத்திப் பார்த்தால் சரியாக எழுபது. கதவைத் திறந்ததும் தேவதாரு வாசனை அறை முழுக்கப் பரவியது. பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினேன். சருகுச் சத்தம் இல்லை. உள்ளே கனமாக, மெத்தென்று எதுவோ அசைந்தது. இருபது வருடத்தில் இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

"டாக்டர், இன்னொரு நல்ல சேதி. உங்க தம்பிகிட்ட பேசிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். பதினெட்டாம் தேதி வரார்!"

அவர் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நம்பிட்டானா?"

"உடனே நம்பிட்டார்."

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஒரே தடவைதான் டாக்டர்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்களை அவன் பாத்ததுகூட இல்லை" என்றார். "நான் அன்னைக்கு எதிர்ல நின்னு மூணு தடவை சொன்னேன். ஃபிளைட் விஷயத்தை ஒன்பது வருஷமா சொல்றேன். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். முகம் தெரியாத ஒருத்தர் போன்ல சொன்னா ஒரே தடவையில நம்பறான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த பெட்டியை மெல்ல அலமாரிக்குள் வைத்தேன்.

"வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"டாக்டர், அதை நான் எப்படி... நீங்களே..."

"நான் சொன்னா அதையும் நம்ப மாட்டான்."

நான் அலமாரியை மூடிவிட்டு வெளியே வந்தேன். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. "சொல்லாதீங்க, வரட்டும், வாசல்ல வந்து நிக்கறவனை அண்ணன் துரத்தவா போறார்?" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதும் சரிதான். ஆனால் டாக்டரின் விருப்பத்தைக் கேட்காமல் நானாக ஒன்றைச் செய்தது ஏற்கனவே இரண்டு தடவை ஆகிவிட்டது.

இன்று காலை தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. 'டிக்கெட் போட்டாச்சு சார். சொன்னீங்களா? அண்ணா சந்தோஷப்பட்டாரா?'

பதில் எழுதத் தொடங்கி மூன்று தடவை அழித்துவிட்டேன்.