பாட்டுக்கு எழுந்து போனவர்கள்

சக்கரவர்த்திக்குப் பேச்சு போய்விட்டது, பாட்டு போகவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு அப்படித்தானாம். தண்ணீர் வேண்டும் என்று கேட்க நாக்கு புரளாது. என்றைக்கோ பாடிப் பழகிய சினிமாப் பாட்டு மட்டும் அட்சரம் பிசகாமல் வந்துவிடும். டாக்டர் படம் வரைந்து காட்டி விளக்கினார். சக்கரவர்த்தியின் மகள் மதிவதனிக்கு அதில் பாதிதான் புரிந்தது. அப்பாவிடம் ஏதோ கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதுவே பெரிசு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி.

“மலையோரம் வெச்ச விளக்கு இன்னும் எரியுதா?”

திருவண்ணாமலையில், அதுவும் கார்த்திகை மாதத்தில், ஒரு மனுஷன் இப்படிக் கேட்டால் யார்தான் என்ன நினைப்பார்கள்? உச்சியில் மகாதீபம் எரிந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதிவதனி கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். “எரியுதுப்பா, அதோ பாருங்க,” என்று கையை நீட்டிக் காட்டினாள். அவர் மலையைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கோணிய வாயை இழுத்துச் சிரித்தார். அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாக உள்ளே போயிற்று. மறுநாளும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே வரியைப் பாடினார். இவள் எரியுது என்றாள், அவர் சிரித்தார், சாப்பிட்டார். தீபத்தின் மேல் அப்பாவுக்கு இவ்வளவு பக்தியா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆயுசு பூரா பஸ் ஓட்டிய மனுஷன், கோயில் வாசலில் ஆளை இறக்கிவிட்டதோடு சரி.

அம்மா செத்துப்போன சேதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, அவர் பெண்டாட்டி தனம் கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். நின்றவள் அப்படியே சரிந்தாள். தீபத்துக்கு நாலு நாள் முன்பு. புருஷன் ஒரு மாடியிலும் பெண்டாட்டி இன்னொரு மாடியிலும் கிடந்தார்கள், ஒருத்தர்தான் வீட்டுக்குத் திரும்பினார். தம்பி இளஞ்செழியன், அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான். அதிர்ச்சி ஆகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆகவே, பெங்களூரில் செழியன் பெண்டாட்டிக்குக் கால் ஒடிந்துவிட்டது, அம்மா ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு கதையைக் கட்டினார்கள். மதிவதனி குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி அப்பாவிடம் வருவாள். பாவம், அவளும் என்னதான் செய்வாள்.

பதினாறாம் நாள் காரியத்தை ஊருக்கு வெளியே ஒரு சத்திரத்தில் முடித்தார்கள். அப்பாவிடம் ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், சாயங்காலம் வீங்கிய கண்ணோடு திரும்பினாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். பாடினார். தீபம் முந்தின நாளோடு முடிந்திருந்தது, உச்சியில் வெறும் இருட்டு. இதில் போய் என்ன பொய் சொல்வது என்று நினைத்தாள்.

“அணைஞ்சிடுச்சுப்பா,” என்றாள். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு.”

அன்றைக்கு மூடிய வாய்தான். பாட்டும் இல்லை, கஞ்சியும் இல்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவள் வீட்டுக்குள்ளேயே ஒரு பெரிய அகலை ஏற்றி அவர் எதிரில் வைத்தாள். கோயிலுக்குப் போய் விபூதிப் பிரசாதம் வாங்கிவந்து நெற்றியில் பூசினாள். எதற்கும் அசையவில்லை. “இப்படியே போனா மூக்குல குழாய் போடணும், அதுவும் எத்தனை நாளுக்கு ஓடும்னு சொல்ல முடியாது. அவருக்கா வாழணும்னு தோணணும்மா,” என்றார் டாக்டர்.

சாப்பிடாதது பாட்டு நின்ற அன்றைக்குத்தான் தொடங்கியது என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டு எந்தப் படம் என்று தேடினாள். அப்பாவின் வாலிப காலத்துச் சிநேகிதர் மஸ்தான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். போனில் அவள் வரியைச் சொன்னதுமே பிடித்துவிட்டார்.

“‘எல்லைப் பாடகன்’ படத்துப் பாட்டு இல்ல அது? சண்டை நேரத்துல வந்த படம்மா. நம்ம ஆளு எல்லை தாண்டிப் போயி அவங்க ரேடியோவுலயே பாடகனா சேந்துடுவான். கூட ஒரு பொண்ணு, அவளும் உளவுதான். ஒரு வாரம் கூட ஓடல.”

“ஏன் மாமா?”

“ஒரு எழவும் புரியல. அவன் திடீர்னு அழுவறான், திடீர்னு ஓடறான். எல்லாரும் திட்டிக்கினே வந்தோம். உங்கப்பன் மட்டும் திரும்பித் திரும்பிப் போய்ப் பாத்தான், பைத்தியக்காரன்.”

“இந்தப் பாட்டு எதுக்காகப் பாடுவாரு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பாட்டு வந்தா யாரு உள்ள குந்தியிருப்பா? பீடி பிடிக்க அதானே நேரம். உளவு பாக்கப் போனவன் இன்னாத்துக்குடா பாடறான்னு கேட்டுட்டு, மொத்த சினிமா கொட்டாயும் எழுந்து வெளிய வந்துடும்.” மஸ்தான் கொஞ்சம் சிரித்தார். “அதோட சரி, அப்புறம் அந்த மாதிரி எவனும் எடுக்கல. இப்ப வர்ற உளவாளிங்க எங்க பாடறாங்க? சுடறதுதான் ஜாஸ்தி.”

படம் யூடியூபில் கிடைத்தது. போட்ட புண்ணியவான் தலைப்பிலேயே பெருமையாக எழுதியிருந்தான்: பாடல்கள் இல்லாமல், விறுவிறுப்பு மட்டும். மதிவதனி சமையலறையில் நின்றபடியே பார்த்தாள். நாயகன் ரேடியோ நிலையத்தில் மைக் முன்னால் போய் நிற்கிறான், கண்ணை மூடுகிறான், வாயைத் திறக்கிறான். சடக்கென்று ஒரு வெட்டு. அடுத்து ஒரு ஜீப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறான். நடுவில் என்னதான் நடந்தது? வெட்டியவனைக் கண்டால் நாலு அறை விடலாம் போல இருந்தது. அன்றைக்குப் பார்க்காமல் எழுந்து போனார்கள், இன்றைக்கு யாரும் பார்க்கவே முடியாதபடி பண்ணிவிட்டார்கள். படத்தின் உயிரைப் பாட்டில் வைத்துத் தைத்தவன் எவனோ, அவன் வயிறு எப்படி எரிந்திருக்கும்.

மறுபடி மஸ்தானையே கேட்டாள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பொம்பளைங்களக் கேளும்மா. கொட்டாயில தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்தவங்க பாட்டுக்கு எழுந்து வரமாட்டாங்க. உங்கம்மா பாஞ்சாலையோடதான் அந்தப் படத்துக்கு வந்திருந்தா.”

மதிவதனிக்குப் பெரியம்மா முறையான பாஞ்சாலைக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக ஒரு டீக்கடை. பௌர்ணமி இல்லாத நாள், பெஞ்சு காலியாகக் கிடந்தது. மதிவதனி போய் நின்று அந்த வரியைச் சொன்னதும், கிழவி பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

“உங்கப்பன் பாடினானா? எப்போ?”

“வந்த நாள்லேர்ந்து பாடிட்டு இருந்தாரு, பெரிம்மா. இப்ப நிறுத்திட்டாரு. அந்தப் பாட்டு எதுக்கு வருது படத்துல?”

பாஞ்சாலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவ வேற ஊர்ல இருப்பா, இவன் வேற ஊர்ல இருப்பான். பிடிபட்டா சுட்டுடுவாங்க. இவன் ரேடியோவுல இந்த வரியப் பாடுவான். நீ உசுரோட இருக்கியான்னு அர்த்தம். அவ உசுரோட இருந்தா அடுத்த வரிய அந்தப் பக்கத்துலேர்ந்து பாடணும். காத்தடிச்சும் எரியுதய்யா, கலங்காம நீ இரய்யான்னு. கடைசித் தடவை இவன் பாடுவான் பாரு, பதிலே வராது. கொட்டாயில எங்க பக்கம் பூரா அழுவுது, ஆம்பளைங்க பக்கம் பாதி பெஞ்சு காலி.”



“அப்பாவுக்கும் அதே அர்த்தமா, பெரிம்மா?”

“வேற இன்னா அர்த்தம்? நீ பொறக்கறப்போ உங்கம்மா பொழைக்க மாட்டான்னுட்டாங்க. ஆம்பளைங்கள உள்ள விட மாட்டாங்க. இவன் ஜன்னலுக்குக் கீழ நின்னு அந்த வரிய எடுத்து வுட்டான். அவளுக்குக் கண்ணு கூடத் திறக்கல. உதட்ட மட்டும் அசைச்சு அடுத்த வரியப் பாடினா. எனக்கே கேக்கல, நான்தான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, பாடிட்டாய்யானு அவனாண்ட சொன்னேன். அன்னிலேர்ந்து இவன் டியூட்டிக்கு எங்க போயிருந்தாலும் போன்ல அந்த ஒரு வரிதான். அடுத்த வரி அவளது, யாரு காதுலயும் விழாம பாடுவா. வெக்கம் பிடிச்சவ.”

மதிவதனி எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். அவள் வாயாலேயே சொன்னாளே. ஒவ்வொரு நாளும் எரியுது எரியுது என்று சொல்லி அவருக்கு உயிர் கொடுத்தாள். காரியம் முடித்துவிட்டு, அழுத முகத்தோடு வந்து, அணைந்துவிட்டது என்றும் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று வேறு சொன்னாள். அதிர்ச்சி ஆகாது என்று வீடே வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததே, கடைசியில் சாவுச் சேதி சொன்னவள் அவள்தான்.

“நான் சொல்லிட்டேன், பெரிம்மா,” என்றாள். பாஞ்சாலை அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது செழியன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். குழாய் போட அப்பாவை அழைத்துப்போக வண்டி சொல்லியிருந்தான். அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான். கேட்டு முடித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்போ அந்த ரெண்டாவது வரியப் பாடிடுக்கா. அம்மா போன்ல பாடினாங்கன்னு சொல்லு. சாப்பிட்டுடுவாரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவளும் அதையேதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பொய்தானே. இத்தனை பொய்க்கு அப்புறம் இன்னும் ஒன்று. அப்பா பிழைத்தால் போதும்.

கட்டிலில் போய் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “அப்பா,” என்றாள். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரிந்த மெட்டில் பாடினாள்.

“காத்தடிச்சும் எரியுதய்யா…”

சக்கரவர்த்தி திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை, நம்பிக்கையும் இல்லை. நல்ல கையை மெல்லத் தூக்கி, மகளின் வாயைப் பொத்தினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த வரியைப் பாடுகிறவள் குரல் அவருக்குத் தெரியாதா?

மதிவதனி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொல்லத் தொடங்கினாள். அம்மா மருந்து வரிசையில் சரிந்ததைச் சொன்னாள். கையில் உங்கள் மருந்துச் சீட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றாள். அரக்குப் புடவை கட்டிவிட்டோம், நீங்கள் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்தது என்றாள். பாஞ்சாலைப் பெரியம்மாதான் குளிப்பாட்டினார்கள், மஸ்தான் மாமா கடையை மூடிவிட்டுக் கடைசி வரைக்கும் கூட நடந்தார், செழியன் கொள்ளி வைத்தான் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை அசைத்தார். அவள் நிறுத்தினால், இன்னும் என்று கண்ணால் கேட்டார். உங்களை ஒரு தடவை காட்டாமல் எடுத்துவிட்டோம், தப்புதான்பா என்றாள். அப்போது அவர் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார்.

வாசற்படியில் நின்றிருந்த செழியன் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று பேருமாக அழுதார்கள். அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அப்பாவின் தலையணையை மாற்ற எடுத்தபோதுதான் மதிவதனி பார்த்தாள். சுவர்ப்பக்கம் முழுக்க நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்துக் கறை கறையாக இருந்தது. பெற்ற பிள்ளைகள் பக்கத்து அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்களிலெல்லாம், அந்த மனுஷன் பெண்டாட்டிக்காகத் தனியாக, சத்தமில்லாமல் அழுதுகொண்டு கிடந்திருக்கிறார்.