பென்சிலால் கூட்டிய இருபத்துநாலு

தட்டைத் தூக்கியதும் ஆவி குப்பென்று ஹான் தேலினின் முகத்தில் அடித்தது. ஜூலை மாச வெயில் வேறு. பதினாறு வருஷமாக மேல்நிலைப் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே அவர் ஆவியில் வெந்த ரொட்டி விற்கிறார். அந்தச் சின்ன ஊரில் அவர் ரொட்டியைத் தின்னாத வாத்தியார் கிடையாது.

"ஏ பெய்ஜிங்! சூடா ரெண்டு குடு!" பக்கத்துச் சலூன்காரர் லியாவ் கத்தினார்.

அந்தப் பெயர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் ஷூயின் இந்தப் பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே, "என் பொண்ணு பெய்ஜிங்லதான் படிப்பா" என்று ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். கிண்டலுக்குத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரோ அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு எவ்வளவு எடுப்பாளாம்?" என்றார் லியாவ்.

"உள்ள உக்காந்து போட்டுக்கிட்டு இருக்கா. சத்தம் போடாத."

அந்த மாகாணத்தில் அப்போது முறை அப்படி. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் சரியான விடைகளை அச்சடித்துத் தருவார்கள். என்ன எழுதினோம் என்று ஞாபகப்படுத்தி, பிள்ளைகளே தங்களுக்கு மார்க் போட்டுப் பார்க்க வேண்டும். நிஜ மார்க் வருவதற்கு முன்னாலேயே, இந்தக் கணக்கை நம்பி, எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதினால் எழுதினதுதான்.

ஷூயின் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து காலையிலிருந்து கணக்குப் போட்டாள். எழுதியது ஞாபகம் இல்லாத இடத்தில் பூஜ்யம் போட்டாள். கடைசியில் அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

"ஐநூத்தி எம்பத்தெட்டுப்பா."

தேலினின் கை மாவோடு அப்படியே நின்றது. பெய்ஜிங்கில் அவர் மனசில் வைத்திருந்த பல்கலைக்கழகம் போன வருஷம் அறுநூற்றெட்டுக்குக் கீழே யாரையும் எடுக்கவில்லை.

"கட்டுரைக்கு எவ்வளவு போட்ட?"

"அறுபதுக்கு நாப்பது."

"நாப்பதா? உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு, அதுக்கு நாப்பதா? அம்பத்திநாலு போடு."

"கையெழுத்துக்கு மார்க் இல்லப்பா. முடிவு சரியா வரல, எனக்கே தெரியுது."

"உனக்கு என்ன தெரியும்? திருத்துறவனுக்குத் தெரியும்." அவர் பென்சிலைப் பிடுங்கினார். "கணக்குல கடைசிக்கு ஏன் பூஜ்யம்?"

"முடிக்கல."

"பாதி போட்டிருக்கல்ல? பத்து மார்க் குடுக்க மாட்டானா?"

மாவுக் கையால் அவரே திருத்தி எழுதினார். பதினாலும் பத்தும் இருபத்துநாலு. அறுநூற்றுப் பன்னிரண்டு. "பாரு, வந்துடுச்சு" என்று சிரித்தார். ஷூயின் சிரிக்கவில்லை.

"அப்பா, எனக்கு மாகாணத் தலைநகர்ல இருக்கற விவசாயப் பல்கலைக்கழகம் போதும். மாட்டு டாக்டருக்குப் படிக்கறேன். அது எனக்குக் கிடைக்கும்."

"பன்னிக்கு ஊசி போடவா பன்னெண்டு வருஷம் படிச்ச?" என்று அவர் சத்தம் போட்டார். வாசலில் நின்ற லியாவ் சிரித்துவிட்டார். அதில்தான் பேச்சு முடிந்துபோனது.

அவர் மனைவி குய்லான் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அவ சின்ன வயசுலேர்ந்து எதையும் கூட்டிச் சொல்ல மாட்டா. அவ சொல்றதக் கேளுங்க."

"நீ போய் அடுப்பப் பாரு."

படிவம் கொடுக்கிற அன்று வகுப்பு வாத்தியார் ஃபான் கடைக்கே வந்தார். ரொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஹான் அண்ணே, படிவத்துல அஞ்சு கட்டம் இருக்கு. ஆனா உண்மையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். முதல் கட்டம். அது தப்பினா, ரெண்டாவதா எழுதின காலேஜ் நம்ம பிள்ளையத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதல்ல எங்க பேர எழுதலியேன்னு கோவிச்சுக்கும். விவசாயத்த முதல்ல போடுங்க."

"சார், பொண்ணு அறுநூத்திப் பன்னெண்டு எடுப்பா."

"அது யாரு போட்ட கணக்கு?"

தேலின் ரொட்டி எண்ண ஆரம்பித்தார். சுற்றி நாலு பேர் ரொட்டிக்கு நின்றார்கள். எல்லோரும் அவரைப் பெய்ஜிங் என்று கூப்பிடுகிறவர்கள். அவர்கள் முன்னால் விவசாயம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஷூயின், அப்பா சொன்னபடியே முதல் கட்டத்தில் பெய்ஜிங் என்று எழுதினாள். இரண்டாவதில் விவசாயம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு அவர் பல நாள் நினைத்தார்.

மார்க் வந்தது. ஐநூற்றுத் தொண்ணூறு. கட்டுரைக்கு நாற்பத்தொன்று. அவள் போட்ட கணக்கில் இரண்டே மார்க்தான் வித்தியாசம். பெய்ஜிங்கில் அந்த வருஷமும் அறுநூற்றுக்குக் கீழே யாரையும் எடுக்கவில்லை. விவசாயப் பல்கலைக்கழகம் ஐநூற்று எழுபத்தொன்றிலேயே நிறுத்திவிட்டது, ஆனால் அதை முதல் கட்டத்தில் எழுதியவர்களை வைத்தே அத்தனை இடமும் நிரம்பிவிட்டது. மூன்று, நாலு, ஐந்தாம் கட்டங்களும் அப்படியே போயின. அவளைவிடப் பதினெட்டு மார்க் குறைவாக எடுத்த பெண்ணுக்குக் கடிதம் வந்தது. ஷூயினுக்கு எதுவும் வரவில்லை.

இடம் கிடைத்தவர்கள் பெயரைப் பள்ளிச் சுவரில் பெரிய சிவப்புக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். கடைக்கு நேர் எதிரே. தேலின் காலையில் தட்டைத் தூக்கும்போதெல்லாம் ஆவி விலகி, அந்தச் சிவப்பு தெரிந்தது.

"இன்னொரு வருஷம் படி. நான் படிக்க வைக்கறேன்" என்றார் அவர்.

"வேண்டாம்பா. இந்த வாசல்ல இன்னொரு வருஷம் என்னால நடக்க முடியாது. 'பெய்ஜிங் பொண்ணு போறா பாரு'ன்னு சொல்லுவாங்க."

ஆகஸ்ட் கடைசியில் தெற்கே செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்களோடு அவளும் ரயில் ஏறினாள். குய்லான் பை நிறைய ரொட்டி கட்டிக் கொடுத்தாள். தேலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தார். ரயில் நகர்ந்த பிறகுதான் அது வாய்க்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சலூன் போனுக்குக் கூப்பிட்டு அவள் பேசுவாள். வருஷப் பிறப்புக்கு வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். ஒரு தடவை சொன்னாள்: "இங்க என்னை அளவு பார்க்கற இடத்துல போட்டிருக்காங்கப்பா. செருப்போட அடி சரியான நீளமான்னு பார்க்கணும். நான் அளந்தா தப்பே வராதுன்னு மேற்பார்வையாளர் சொல்றார்."

போனை வைத்த பிறகு தேலின் சலூன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஜூலை. பள்ளியில் மறுபடியும் அச்சடித்த விடைகளைக் கொடுத்தார்கள். லியாவ் ஒரு காகிதமும் பென்சிலுமாகக் கடைக்குள் வந்தார். அவர் மகன் அந்த வருஷம் எழுதியிருந்தான்.

"பெய்ஜிங், இதப் பாரேன். பையன் ஐநூத்தி நாப்பதுங்கறான். கட்டுரைக்கு ரொம்பக் கஞ்சத்தனமா போட்டிருக்கான். ஒரு பன்னெண்டு ஏத்தினா, ஷாங்காய்க்கே…"

தேலின் கையை ஏப்ரனில் துடைத்தார். லியாவின் விரல்களிலிருந்து பென்சிலை மெதுவாக உருவி, தன் பையில் போட்டுக்கொண்டார்.

"பையன் எங்க போகணுங்கறான்?"

"அவனுக்கென்ன, இங்க பக்கத்து ஊர்ல மின்சாரப் படிப்பாம்."

"அத முதல் கட்டத்துல எழுது."

"என்னப்பா நீயே இப்படிச் சொல்ற!"

"நான்தான் சொல்லணும் லியாவ். பிள்ளை தன்னை அளந்து ஒரு கணக்குச் சொன்னா, அத நம்பு. அதுமேல நாம கூட்டறது பிள்ளையோட மார்க் இல்ல, நம்ம ஜம்பம். என் ஜம்பத்துக்கு இருபத்துநாலு மார்க் போட்டேன். அதுக்கு என் பொண்ணு அங்க யார் யாரோ போடற செருப்ப அளந்துகிட்டு இருக்கா."

லியாவ் காகிதத்தை மடித்தார். வாசல் வரை போய்த் திரும்பி, பழக்கத்தில், "வரேன் பெய்ஜி…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"ஹான் தேலின்" என்றார் ரொட்டிக்காரர். "எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. அந்தப் பேரே போதும்னு நான் இருந்திருந்தா, அவ இப்போ ரெண்டாம் வருஷம் போயிருப்பா."