கம்ப்யூட்டருக்கு ரெக்சின் சட்டை

ராயபுரத்தில் 'கிருஷ்ணப்பன் கேம்ஸ்' அப்போது பிரபலம். நாலு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் ஒரு தகரப் போர்டு. போர்டை எழுதியவர் கிருஷ்ணப்பனேதான். ஹார்பரில் கப்பல்களுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர். மகள் செங்கொடிக்குக் கடை வைத்துக் கொடுத்து, போர்டையும் மாட்டிவிட்டு, அந்த வருஷமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் போர்டின் மேல்தான் செங்கொடி பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் டோல்கேட் வல்லரசு கிளப்பிவிட்ட வினை. அவனும் கேம் சென்டர் வைத்திருந்தான். உதார் பேர்வழி. "உன் டப்பா மெஷின்ல எவன் ஆடுவான் தங்கச்சி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஞாயித்துக்கெழம என் கடைக்கு வா. ரெண்டு பேருக்கு ரெண்டு பேர் ஆடலாம். நா தோத்தா ஒரு மாசம் எங்க நைனா போர்டு மேல உன் ஃப்ளெக்ஸ மாட்டிக்க. ஜெயிச்சா அந்த ஃப்ளெக்ஸு எனுக்கு!"

"மெஷின் நடுவுல திக்குனாலும் நீ தோத்த மாரிதான்."

"திக்காது. போ, போயி ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலயப் பாரு."

அவ்வளவு தெனாவெட்டு எதற்கு என்றால், நாலு கம்ப்யூட்டரிலும் அப்போதுதான் புது கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தாள். பொருத்தியதும் அவளேதான். ஆனால் பாருங்கள், பந்தயம் கட்டிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, புது கார்டு போட்டதில் எல்லாம் தலைகீழ் என்று. ஆட்டம் தொடங்கும்போது ஜம்மென்று ஓடும். சற்று நேரம் போனால் திக்கித் திக்கி நகரும். துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எதிரி சுட்டுவிட்டுப் போய்விடுவான்.

"அப்பன் எழுதுன போர்டயா பந்தயம் வச்ச?" அம்மா பூவம்மா கொதித்தாள். "அத்த தவுத்து இந்த வூட்ல அவரு எழுத்து வேற எங்கடி கீது?"

"அத்த மறைக்க வுட மாட்டம்மா. நா பாத்துக்கறேன்."

பார்த்தாள். கார்டின் மென்பொருளைச் சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அரைமணி நேரம் ஆடிப் பார்த்தாள். அருமை! மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தால், சாயங்காலம் மறுபடி திக்கியது. கரண்டு போதவில்லை என்று பெரிய பவர் சப்ளை மாட்டினாள். அருமை! சாயங்காலம் திக்கியது. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். அதே கதை.

அவளோடு ஜோடி சேர்ந்து ஆடப்போகிற ரஹீம் தலையில் கை வைத்தான். "இன்னாம்மே இது பேஜாரு? நீ தொறந்து வச்சிகினு குந்துனா ஓடுது. மூடிட்டுப் போனா படுத்துக்குது. உன்னயப் பாத்தா பயப்படுதா?"

"பயப்படட்டும். நாளைக்குள்ள புடிச்சிருவேன்" என்றாள். வாய் அப்படிச் சொன்னாலும் கை மறுபடி ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது.

சனிக்கிழமை மதியம் கடை நிரம்பியிருந்தது. மூன்று மெஷின் வழக்கம்போல் திக்க, ஓரத்து மெஷின் மட்டும் காலையிலிருந்து சிங்கம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. செங்கொடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதே கார்டு. அதே பவர் சப்ளை. என்னடா வித்தியாசம்? சட்டென்று கொல்லைப்புறக் கொடியைப் பார்த்தாள். அந்த மெஷினின் உறை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தெருவில் எதை வாங்கினாலும் முதலில் அதற்கு உறை தைத்துவிடுவார்கள். ஹார்பரில் இறக்குகிற நிலக்கரியின் தூசு அப்படி. காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் கறுப்பாக எடுக்க வேண்டும். பூவம்மா எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்காரி வேறு. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ரெக்சினில், உள்ளே தடித்த துணி வைத்து, சுவிட்சுக்கும் ஒயருக்கும் மட்டும் ஓட்டை விட்டு, கச்சிதமாகச் சட்டை தைத்திருந்தாள். பழைய மெஷின் அதிகம் சுடாது, தாங்கியது. புது கார்டு அடுப்பு மாதிரி எரிகிற ஜாதி. சூடு வெளியே போக வழியில்லை என்றால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செங்கொடி ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றித்தான் பழுது பார்த்தாள். முடிந்ததும் பொறுப்பாக மாட்டினாள்!

அடுத்த மெஷின் உறைமேல் கை வைத்தாள். இட்லி குண்டான் மாதிரி சுட்டது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தாள். பிறகுதான் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

"உற இல்லன்னா கரி பூந்து மெஷின் கலீஜாயிடும்" என்றாள் பூவம்மா. "என் தையல்லயே குத்தம் கண்டுபுடிச்சிட்டியா?"

"தையல்ல குத்தமே இல்ல. ஒரு இண்டு இடுக்கு வுடாம தச்சுட்ட பாரு, அதான். வா, தொட்டுப் பாரு." அம்மாவின் கையை இழுத்து உறைமேல் வைத்தாள். பூவம்மா வெடுக்கென்று கையை எடுத்தாள். பிறகு அவளே ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வல்லரசு தன் ஜோடி ஆட்டக்காரனோடும் சுருட்டிய ஃப்ளெக்ஸோடும் கையில் சுத்தியலோடும் வந்து இறங்கினான். "மெஷினு அம்மணமா கீது?" என்று சிரித்தான். ஆட்டம் தொடங்கியது. வழக்கமாகத் திக்கும் நேரம் வந்தது. பூவம்மா திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல், வாசலுக்குப் போய்ப் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டாள். மெஷின் திக்கவில்லை. வல்லரசு எந்தச் சந்தில் ஒளிந்தாலும் செங்கொடி தேடிப்போய்ச் சுட்டாள். கடைசி ஆட்டத்தில் அவன் மவுஸைத் தட்டிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆரவாரம் கேட்டதும் பூவம்மா உள்ளே வந்தாள். மகளைக் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் பார்க்க, நேரே வல்லரசிடம் போய்க் கையை நீட்டினாள்.

"ஃப்ளெக்ஸ குடு நைனா. அந்த சுத்தியும் குடு."

"இன்னாத்துக்குக்கா?"

"ஹார்பர் பக்கத்து ஜன்னல்ல கரி வருது."

அங்கேயே நாற்காலி போட்டு ஏறி, ஃப்ளெக்ஸை விரித்து, எழுத்து வெளியே தெரிய ஜன்னல் முழுக்க ஆணி அடித்தாள். வல்லரசே கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தான். மாசம் முடிவதற்குள் அதில் யார் பெயர் இருந்தது என்று படிக்க முடியாதபடி கரி மூடிவிட்டது. வாசல் போர்டைப் பூவம்மா தினம் காலையில் ஈரத்துணியால் துடைத்தாள்.