இரண்டு தட்டு

முதுகில் இரண்டு தட்டு விழுந்தால் கிளம்பலாம். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஒரே சைக்கிள், இரண்டு சீட். ஹேண்டில்பாரும் பிரேக்கும் முன்னால் இருக்கும் தம்பிக்கு. பின்னால் அண்ணன். அவனுக்குக் கண் தெரியாது. ஆனாலும் "ஊரைச் சுத்திப் பாக்கப் போறேன்" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். மொத்தம் நாற்பது சைக்கிள், நான்கு நாள், ஐந்நூறு கிலோமீட்டர். பார்வையில்லாதவர்களும் நடக்க முடியாதவர்களும் தொழில் பழக ஒரு பட்டறை கட்டுவதற்கு நிதி திரட்டும் பயணம். ஏற்பாடு செய்தவர் ஒரு எலும்பு டாக்டர். தங்கமான மனிதர். கைதான் சும்மா இருக்காது. எதிரே யார் வந்தாலும் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்.

கிளம்பும்போது அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, அவரைத் தனியா மட்டும் எங்கயும் விட்டுடாதீங்க." மூன்று வருடமாக வீட்டு வாசலைத் தாண்டாத மனிதனை அனுப்புகிறவள் கேட்பதில் தப்பில்லை. தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

ஆனால் தம்பி வந்ததற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அண்ணனிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாகத் தொண்டையில் நின்ற ஒன்று.

இருவரும் எலக்ட்ரீஷியன்கள். அன்று ஒரு புதுக் கட்டடத்தில் வேலை. மாடியில் பேனல் போர்டைத் திறந்து வைத்து அண்ணன், கீழே மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் தம்பி. வேலை முடிந்ததும் அண்ணன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான். தம்பி மெயினைப் போடுவான். அன்றும் இரண்டு தட்டுக் கேட்டது. போட்டான். மேலே வெடித்த வெளிச்சம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. ஆள் சேருவதற்குள் கை தானாக மெயினை அணைத்தது. வாயும் தானாகச் சொன்னது: "ஜெனரேட்டர்லேர்ந்து கரண்ட் திரும்பி வந்துடுச்சு." எல்லாரும் ஜெனரேட்டரைத் திட்டினார்கள். அண்ணனின் கண் போனது. தம்பி அதன்பிறகு நன்றாகத் தூங்கியதே இல்லை.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. கோழைக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாளும் முடியவில்லை. மூன்றாம் நாள், ஒரு மேட்டின் உச்சியிலிருந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் குடிக்க நின்றபோது, இந்த இறக்கத்தில் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினான்.

இரண்டு சீட் வண்டிதான் எப்போதும் முதலில் கிளம்பும். தம்பி காலை ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி நின்றான். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. மிதித்தான்.

இறக்கம் ஆரம்பித்ததும் மிதிக்க வேலையில்லை. காற்று காதை அடைத்தது. பின்னால் ஏதோ கூச்சல். வழக்கமான உற்சாகக் கூச்சல் என்று விட்டுவிட்டான்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாதே, அப்புறம் என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு ஜெனரேட்டர் இல்லை. மெயினைப் போட்டது நான்தான். ரெண்டு தட்டு கேட்டுச்சு, நீதான்னு போட்டுட்டேன். அப்புறம் பயந்துபோய்ப் பொய் சொன்னேன். என்னை அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்ணா. பேசாம மட்டும் இருந்துடாதே."

காது கொடுத்துக் கேட்க, பிரேக்கை லேசாகப் பிடித்தான்.

"அண்ணா?"

இறக்கம் முடிந்து சமதரை வந்தது. வண்டி லேசாக உருண்டது, இரண்டு நாளில் இல்லாத லேசு. தம்பி திரும்பிப் பார்த்தான். பின் சீட் காலி.

விழுந்துவிட்டானா? எங்கே? சத்தமே வரவில்லையே! சாலையைப் பார்த்தான். வெறும் தார். மூச்சு வாங்க வண்டியைத் திருப்பி மேட்டில் மிதித்தான். முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு ஓடினான். அழுதுகொண்டே ஓடினான் என்பதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பாதி மேட்டில் டாக்டர் எதிரே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என் தப்புப்பா. போன் பேசிக்கிட்டே போற வழியில உன் முதுகுல ரெண்டு தட்டு தட்டிட்டேன். உங்கண்ணன் பக்கத்துல நின்னு ஹெல்மெட் மாட்டிட்டு இருந்தார். கத்தினோம், உனக்குக் கேக்கலை."

அண்ணன் பங்கின் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஹெல்மெட் மாட்டியபடியே. சுற்றி நின்றவர்கள் தம்பியைக் கண்டதும் விலகினார்கள்.

"யாரு தட்டினது?" என்றான் அண்ணன்.

"டாக்டர். நான் நீன்னு நினைச்சுட்டேன்."

அண்ணன் தூணைப் பிடித்தபடியே அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குத் தட்டினது தச்சர்," என்றான். "பக்கத்து ரூம்ல கதவு நிலைக்கு ஆணி அடிச்சார். ரெண்டு அடி. ஐயோ, இவன் போட்டுடப் போறானேன்னு கத்த வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போட்டுட்டே."

மூன்று வருடம். தினமும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பாடு.

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணு இருந்தப்ப கடைசியா கேட்ட சத்தம்டா அது."

"ஏன் கேக்கலை?"

"நீ சொல்வேன்னு இருந்தேன்." அண்ணனின் குரல் உயர்ந்தது. "தட்டினது தச்சர் தப்புமில்ல, போட்டது உன் தப்புமில்ல. ஜெனரேட்டர்னு சொன்னே பாரு, அதுதான் உன் தப்பு."

"சொன்னேன்ணா. இப்பதான் சொன்னேன். இறக்கம் பூரா சொன்னேன். நீ இல்லை."

"சீட்டுகிட்டயா சொன்னே?" என்றான் அண்ணன். சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியாத ஒன்று அவன் முகத்தில் வந்து போனது. "வண்டியை நிறுத்து. எனக்கு நேரா வந்து நின்னு சொல்லு."

தம்பி சொன்னான். நாற்பது பேர் கேட்கச் சொன்னான். ஒரு வார்த்தையும் விடவில்லை.

"அண்ணிகிட்டயும் நீதான் சொல்லணும். கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதே," என்றான் அண்ணன். பிறகு தூணை விட்டுவிட்டுக் கையை நீட்டினான். தம்பி அதைப் பிடித்துப் பின் சீட்டில் வைத்தான்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். பழக்கத்தில் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது; இறங்கிவிட்டது.

"இனிமே தட்டமாட்டேன். நீ திரும்பிப் பாத்துட்டுப் போ."

தம்பி திரும்பி, மூன்று வருடமாகப் பார்க்காமல் தவிர்த்த அந்த முகத்தை நேராகப் பார்த்தான்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ணா."

"அப்ப மிதி."