கூரையில் தொங்கிய நோரீன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது போர்ட் அகஸ்டா என்ற பாலைவன ஓரத்து ஊரில், ஒரு வன்பொருள் கடையின் கார் நிறுத்துமிடத்தில். திருகாணி வாங்கப் போயிருந்தேன். பழைய வேன் ஒன்றின் பக்கக் கதவு திறந்திருந்தது. மேற்கூரையை உயரத் தூக்கி அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி வேன். உள்ளே தலை நரைத்த அம்மா ஒருவர் கூரைப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தார்.

"வேடிக்கை பாத்துட்டு நிக்கிறியேப்பா, வந்து நீயும் தொங்கு!"

தொங்கினேன். கூரை இறங்கிப் பூட்டிக்கொண்டது. பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். "கூரை மேல சோலார் கண்ணாடிப் பலகை இருக்கு பாரு, அது வந்த பிறகுதான் நான் தூங்குறேன்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி வருவதெல்லாம் கற்பனை. நோரீன் என்ற பெயரும் நான் வைத்ததே. (கதைக்குள் வந்ததும் 'அவர்' எனக்கு 'அவள்' ஆகிவிட்டார். மரியாதைக் குறைவில்லை, நெருக்கம்.)

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் விளிம்பில் சூரியன் ஒரு..." வேண்டாம். அந்த ஊரில் சூரியனுக்கு அறிமுகம் தேவையில்லை.

இரண்டாவது: "நோரீனின் கல்யாண வாழ்க்கை முழுவதும் குறட்டைச் சத்தத்தில்..." சிரிப்பு வரும். ஆனால் விஷயம் சிரிப்பில்லை.

மூன்றாவது, இதையே வைத்துக்கொள்கிறேன்: தூங்கும்போது நோரீனின் கணவன் டெஸ்ஸுக்கு மூச்சு நின்றுவிடும். நின்று, பக்கத்தில் படுத்திருக்கும் நோரீனை எழுந்து உட்கார வைத்துவிட்டு, ஒரு பெரிய இழுப்போடு மறுபடி வரும். வராமல் போனால் உலுக்க வேண்டும். பல வருஷம் உலுக்கினாள். பிறகு வைத்தியர் ஒரு கருவி கொடுத்தார். மூக்கில் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் ஒரு பெட்டி. மின்சாரம் இருக்கும்வரை அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் சரி. வேனில் போனால் பிளக் இருக்கும் முகாம்களில்தான் தங்க முடியும். அங்கே வேன்கள் தோளோடு தோள் உரசி நிற்கும், பக்கத்திலேயே கழிப்பறை. நோரீனுக்கு ஆசை வேறு. மேற்கே, கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைமேல், குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டியோடு வரும் இடத்தில் படுக்க வேண்டும். ஒருமுறை அங்கே போய், வேனின் சொந்த பேட்டரியில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். நடு ராத்திரியில் பேட்டரி உயிரை விட்டது. நோரீன் உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். விடிந்ததும் வேன் கிளம்பவில்லை. ஒரு மீன்பிடிக்காரர் வந்து தன் வண்டி பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பிவிட்டதும், திமிங்கிலம் கண்ணில் படுமுன் வீடு திரும்பிவிட்டார்கள்.

3

டெஸ்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வரைவில் அவனைச் சோம்பேறியாக எழுதினேன். "திமிங்கிலம் என்ன, டிவியில பாத்துக்கலாமே" என்று சொல்ல வைத்தேன். அடித்துவிட்டேன். மூச்சு நிற்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது என்பது எனக்கு உறைத்தது. காலையில் எழுந்தால் மனைவி டீ போட்டுக்கொண்டு நிற்பாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. அவனுக்குப் பின் படுப்பாள், முன் எழுவாள். கருவி வந்த பிறகும், அதன் சத்தத்தைக் காவல் காக்க அதே பழக்கம்.

ஆகவே இந்த வரைவில் சோலார் யோசனை டெஸ்ஸுடையது. பக்கத்து வீட்டு சவேரியோ படகுகளுக்கு மின்வேலை பார்த்தவர். இருவரும் இரண்டு கண்ணாடிப் பலகைகளைக் கூரைமேல் ஒட்டி, உள்ளே தனி பேட்டரிக்குக் கம்பி இழுத்தார்கள்.* பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்தது. பீர் உடைத்தார்கள். பிறகு கூரையைத் தூக்கினார்கள். அது எழுந்தது, யோசித்தது, மெதுவாகத் தலை குனிந்து சவேரியோவின் தொப்பிமேல் உட்கார்ந்தது. பலகைகளின் பாரத்தை, கூரையைத் தூக்கிப் பிடிக்கும் வாயு அடைத்த தண்டுகள் தாங்கவில்லை.

"டெஸ், என் தொடப்பம் எங்க?"

"கூரைக்கு முட்டு குடுத்திருக்கேன்."

"அறுத்தியா?"

"கொஞ்சம் நீளமா இருந்துச்சு."

"உன்ன அறுத்திருக்கணும். நீயுந்தான் நீளமா இருக்க."

சவேரியோ அழுத்தம் கூடிய தண்டுகள் வாங்கி வந்து மாட்டினார். இப்போது கூரை தானாகவே பறந்து எழுந்தது. ஆனால் இறங்க மறுத்தது. ஒரு ஆள் தொங்கினால்தான் இறங்கும். டெஸ்ஸுக்கு இடுப்பு சரியில்லை.

"நீ மூச்சு விடுறதுக்கு நான் தொங்கணும். என்ன பொழப்பு இது?"

"அழகாத்தான் தொங்குற."

* மெல்லிய பலகை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சவேரியோவும் கேட்டார். டெஸ் அதற்குள் வாங்கிவிட்டான்.

4

முதல் முடிவு: பாறைக்குப் போகிறார்கள், நாள் முழுக்க மேகம், பேட்டரி ஏறவில்லை, நோரீன் மறுபடி விழித்திருக்கிறாள். எழுதிவிட்டுக் கிழித்தேன். இலக்கியத்துக்கு இது நல்லதென்று சொல்வார்கள். எனக்கு டீ கொடுத்தவருக்கு நான் மேகம் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது முடிவு: வெயில். குளிர்கால வெயில்தான், ஆனாலும் பலகைகள் சாயங்காலம்வரை குடித்துத் தீர்த்தன. டெஸ் முகமூடி மாட்டிக்கொண்டான்.

"நின்னுடுச்சுன்னா என்ன எழுப்பு" என்றாள் நோரீன்.

"நின்னுடுச்சுன்னா நான் எப்படிடி எழுப்புறது?"

இருவரும் சிரித்தார்கள். கருவி சீராக ஊதத் தொடங்கியது. நோரீன் அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தச் சூரியன்மேல், சவேரியோமேல், அறுபட்ட துடைப்பத்தின்மேல்கூட நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லலாமென்று டெஸ் பக்கம்

(வாக்கியம் முடியவில்லை. இதுவரை நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுதான் கதை சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் டெஸ்ஸிடம் போகிறேன்.)

5

வெளிச்சம் வந்ததும் டெஸ் விழித்தான். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முகமூடியைக் கழற்றினான். டீ வாசனை இல்லை. பக்கத்தில் நோரீன் அசையாமல் கிடந்தாள்.

அவள் மூக்கருகே உள்ளங்கையை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து காதை வைத்தான். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும்வரை அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அதுவும் வந்தது.

"இத்தன வருஷமா இதையாடி பண்ணிட்டு இருந்த?" என்றான், சத்தமே இல்லாமல். கண் நிறைந்துவிட்டது.

அப்போது வெளியே புஸ்ஸென்று ஒரு பெரிய சத்தம். கூரைத் துணியின் ஜன்னலை மெல்லத் திறந்தான். பாறைக்கு நேர் கீழே கரிய முதுகு ஒன்று, அதை ஒட்டி ஒரு குட்டி. தாய் ஏற்கனவே ஆழத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. எழுப்பினால் இப்போதே எழுப்ப வேண்டும். இன்னொரு முறை கரைக்கு வருமா, தெரியாது. அவன் கை அவள் தோளுக்கு மேலே போய் நின்றது.

கையை நான் அங்கேயே விட்டுவிட்டேன். அவள் இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். அவள் இப்படித் தூங்கியதும் இல்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களுக்காகத் தூக்கம் கெட்டவர் யாராவது இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் இன்னும் தூங்குகிறாள்.